மின்கார்: வாங்கத் தயங்குவது ஏன்?

மின்காரின் உள்ளமைப்பு பெட்ரோல் காரைவிட மிக எளிது. இருக்கைகளுக்குக் கீழே தரை நெடுகப் பரப்பிய பேட்டரி, அதன் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர், அதைக் கொண்டு சுழலும் மோட்டார், சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் ஒரேயொரு கியர் தொகுதி. இவ்வளவுதான். கிளட்ச் கிடையாது, சைலன்சர் கிடையாது, என்ஜின் ஆயில் மாற்றும் வேலையும் கிடையாது. பெட்ரோல் என்ஜின் தான் குடிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் சக்கரத்தில் சேர்க்கிறது. மிச்சமெல்லாம் வெப்பமாகக் காற்றோடு போகிறது. மின்மோட்டாரோ பேட்டரியிலிருந்து பெறுவதில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கை ஓட்டமாக மாற்றிவிடும்.

சிக்னலை நெருங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்த மோட்டாரே ஜெனரேட்டராகிவிடும். சக்கரத்தின் வேகம் மின்சாரமாகிப் பேட்டரிக்குத் திரும்பும். வண்டியும் மெல்ல வேகம் தணியும். அதனால் மின்கார் நெரிசலான நகரச் சாலையில் கூடுதல் தூரமும், சீராகப் பறக்கும் நெடுஞ்சாலையில் குறைந்த தூரமும் கொடுக்கிறது. பெட்ரோல் காரின் கணக்குக்கு இது நேர் எதிர். அன்றாடம் ஊருக்குள் ஓடுவதற்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை.

இது நேற்று வந்த பொருளும் அல்ல. மணிக்கு 100 கி.மீ. வேகத்தை முதன்முதலில் தாண்டிய கார் மின்கார்தான். 1899இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீல் ஜெனாட்சி அதை ஓட்டினார். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் ஓடியவை. புகை கக்கி, கைப்பிடியைச் சுழற்றினால்தான் கிளம்பும் பெட்ரோல் காரைவிட நகரவாசிகள் இதையே விரும்பினார்கள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்காரை ஓட்டியவர்தான். ஆனால் 1908இல் மலிவான மாடல் டி வந்தது. 1912இல் கேடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்தபின் கைப்பிடியைச் சுழற்றும் தொல்லையும் போயிற்று. ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலைகள் நீண்டன. பெட்ரோல் எங்கும் மலிவாகக் கிடைத்தது. கிராமங்களுக்கோ மின்சாரமே வரவில்லை. 1930களுக்குள் மின்கார் சாலையிலிருந்து மறைந்தேவிட்டது.

அது திரும்பி வர முயன்றபோது எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1990இல் கலிஃபோர்னியா மாநிலம், 1998க்குள் அங்கு விற்கும் கார்களில் நூற்றுக்கு இரண்டாவது புகையே விடாததாக இருக்க வேண்டும் என்று விதித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996இல் இவி1 என்ற காரைக் குத்தகைக்கு மட்டும் கொடுத்தது. மொத்தம் உருவானவை 1,117. இன்னொரு பக்கம் கார் நிறுவனங்கள் அந்த விதியை எதிர்த்துப் போராடின; விதியும் தளர்ந்தது. பிறகு நிறுவனம் கார்களைத் திரும்பப் பெற்று, அருங்காட்சியகங்களுக்குப் போன சிலவற்றைத் தவிர மற்றவற்றை நசுக்கியது. காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று ஓட்டியவர்கள் கெஞ்சியும் பயனில்லை. மின்காரை மக்கள் விரும்பவில்லை என்ற பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு இந்த வரலாறு போதும்.

நிலைமையை மாற்றியது பேட்டரி. காரீய அமில பேட்டரியின் எடையை இழுத்துக்கொண்டு எந்தக் காரும் அதிக தூரம் போக முடியாது. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரி கேமராவிலும் செல்போனிலும் புகுந்து, பிறகு காருக்கு வந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 2010இல் ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2024இல் அதன் உலகச் சராசரி விலை 115 டாலர். அந்த ஆண்டு உலகெங்கும் விற்ற மின்கார்கள் 1.7 கோடிக்கும் மேல். புதிய கார்களில் ஐந்தில் ஒன்று. பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றும் ஹைபிரிட் கார்களும் இதில் அடக்கம்.

இந்தியா இதில் பிந்தித் தொடங்கிய நாடு அல்ல. பெங்களூரில் சேத்தன் மைனி உருவாக்கிய ரேவா 2001இலேயே சந்தைக்கு வந்தது. ஜி-விஸ் என்ற பெயரில் லண்டன் தெருக்களிலும் ஓடியது. அப்படியிருந்தும், 2024இல் இந்தியாவில் விற்ற நூறு கார்களில் இரண்டோ மூன்றோதான் மின்கார்.

இத்தனைக்கும் ஆதாயம் கண்ணுக்குத் தெரிகிறது. நகரத்தில் லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றால் கி.மீ.க்கு ஆறரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. மின்கார் ஒரு யூனிட்டில் ஆறு கி.மீ. ஓடும். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் கி.மீ.க்கு இரண்டு ரூபாய்க்குள்தான். நாட்டுக்குக் கிடைப்பது இன்னும் பெரிது. இந்தியா பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. மேற்காசியாவில் ஒரு குண்டு வெடித்தால் இங்கே காய்கறி விலை ஏறுகிறது. சாலையோரம் கடை போட்டிருப்பவரும் சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலரும் நாளெல்லாம் சுவாசிக்கும் புகை குறைவதற்கு எந்தக் கணக்கிலும் விலை போட முடியாது.

நிலக்கரியில் மின்சாரம் எடுத்துவிட்டுக் காரில் புகை இல்லை என்று சொல்வதில் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. இந்திய மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. பேட்டரி தயாரிக்கும்போதும் கணிசமான கரியமிலவாயு வெளியாகிறது. இவை அனைத்தையும் சேர்த்துத்தான், தூய போக்குவரத்துக்கான சர்வதேச ஆய்வு மன்றமான ஐசிசிடி 2021இல் கணக்கிட்டது. இந்தியாவில் ஒரு மின்கார் தன் ஆயுள் முழுவதும் வெளியிடும் கரியமிலவாயு, அதே அளவு பெட்ரோல் காரைவிட 19 முதல் 34 சதவீதம் குறைவு. ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் குறைவு. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் மின்நிலையத்தைச் சார்ந்தது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட, ஏற்கெனவே சாலையில் ஓடும் மின்காரும் தானாகச் சுத்தமாகும். பெட்ரோல் காருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

பிறகு ஏன் தயக்கம்? முதல் தடை விலை. ஒரே மாடலின் பெட்ரோல் வடிவத்தைவிட மின் வடிவம் சில லட்சம் ரூபாய் கூடுதல். மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ஆனால் 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் அந்தச் சலுகையின் இடைவெளி சுருங்கிவிட்டது. விலை வித்தியாசம் மூன்று லட்சம் ரூபாய், கி.மீ.க்கு மிச்சம் ஐந்து ரூபாய் என்று கொண்டால் 60,000 கி.மீ. ஓடிய பிறகுதான் போட்ட பணம் திரும்பும். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டும் குடும்பத்துக்கு அது ஆறு ஆண்டு. நாளுக்கு 150 கி.மீ. ஓடி, இரவில் சொந்த இடத்தில் சார்ஜ் ஏற்றும் வாடகை காருக்கோ ஏறத்தாழ ஒரே ஆண்டு.

2024இல் இந்தியாவில் விற்ற மூன்று சக்கர வாகனங்களில் பாதிக்கும் மேல் மின்சாரத்தில் ஓடுபவை என்பதற்கு இதுவே விளக்கம். ஆட்டோக்காரரும் இ-ரிக்‌ஷாக்காரரும் சூழல் மாநாட்டு உரைகளைக் கேட்டு மாறவில்லை. மாலையில் கையில் நிற்கும் காசைப் பார்த்து மாறினார்கள்.

இரண்டாவது தடை சார்ஜ். மின்காரைப் பற்றிய தயக்கத்தில் பெரும்பகுதி இங்கேதான் குடியிருக்கிறது. தனி வீட்டுக்காரருக்கு இது பிரச்சினையே இல்லை. போர்டிகோவில் நல்ல எர்த் போட்ட 16 ஆம்பியர் பிளக் இருந்தால் போதும்; சாப்பிட்டுப் படுக்கும்முன் செருகினால் விடியும்போது அடுத்த நாளுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே ஏறியிருக்கும். அடுக்குமாடியில் இதே வேலைக்குப் பல படிகள். மீட்டர் போர்டிலிருந்து பார்க்கிங் வரை கேபிள் இழுக்க வேண்டும். அது மற்றவர்களின் இடத்தைத் தாண்டிப் போகும். பொதுக் கணக்கில் ஓடும் மின்சாரமா, சொந்த மீட்டரா என்று சங்கத்தில் பேச்சு எழும். தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்பார். எல்லாரும் மின்கார் வாங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று இன்னொருவர் கேட்பார். இரண்டுமே விளையாட்டுக் கேள்விகள் அல்ல. வாடகைக்கு இருப்பவருக்குச் சங்கக் கூட்டத்தில் குரலே கிடையாது. கார் வாங்கும் வசதி உள்ளவர்களில் பலர் இப்படித்தான் ஷோரூம் வரை போய்த் திரும்புகிறார்கள்.

தமிழ்நாட்டில் மின்கட்டணமும் ஒரு விஷயம். இங்கே இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறும். மாதம் 1,000 கி.மீ. ஓடும் கார் இரு மாதங்களில் 330 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். அதுவரை 400 யூனிட்டில் நின்ற வீடு, கார் வந்தபின் மேல் அடுக்குக்குப் போய்விடும். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு அல்ல.

நெடுந்தூரம் மூன்றாவது தடை. சோதனைச் சான்றில் எழுதிய தூரம் சாலையில் வராது. ஏசி ஓட, நான்கு பேரும் பெட்டிகளும் ஏற, 100 கி.மீ. வேகத்தில் போனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நல்லது. சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கி.மீ. வழியில் ஒரு முறையாவது, சிறிய பேட்டரி என்றால் இரண்டு முறை, வேகச் சார்ஜரில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் போகும். யூனிட்டுக்கு 20 ரூபாயை ஒட்டிக் கொடுக்க வேண்டியிருப்பதால் மிச்சமும் குறையும். சாதாரண நாளில் இது காபி குடிக்கும் நேரம். பொங்கலுக்கு முந்தைய இரவில், ஒரே சார்ஜருக்கு முன்னால் மூன்று கார்கள் நிற்கும்போது அது இரண்டு மணி நேரமாகும். சார்ஜர் பழுது என்றால் பயணமே கேள்விக்குறி. ஆண்டில் நான்கே முறை நேரும் சங்கடம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. குடும்பத்தோடு ஊருக்குப் போவதற்காகத்தான் பலர் காரே வாங்குகிறார்கள்.

பேட்டரி பற்றிய அச்சத்தில் பாதி உண்மை, பாதி பழங்கதை. வெப்பம் பேட்டரிக்கு ஆகாது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் நிசான் லீஃப் கார்களின் பேட்டரி விரைவாகத் தேய்ந்ததாக 2012இல் உரிமையாளர்கள் புகார் எழுப்பினார்கள். அந்தக் காரில் திரவக் குளிர்விப்பு இல்லை. இன்று இந்தியாவில் பரவலாகப் பயன்படும் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி வெப்பத்தை ஓரளவு நன்றாகத் தாங்குவது. திரவக் குளிர்விப்பும் வழக்கமாகிவிட்டது. எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் பொதுவாகக் கிடைக்கிறது. தீ பற்றிய பயத்துக்கு 2022இல் பல மின்ஸ்கூட்டர்கள் எரிந்ததும் உயிர்கள் போனதும் காரணம். அதன் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. செகண்ட் ஹேண்ட் விலை மட்டும் இன்னும் தெளிவில்லாத விஷயம்தான். ஆறு ஆண்டு ஓடிய பேட்டரியின் நலனை அளந்து சான்று தரும் நடைமுறை பரவும்வரை, பழைய மின்காரை வாங்குபவர் விலையை அடித்துத்தான் கேட்பார்.

இன்னொரு கவலை வேலை பற்றியது. என்ஜினில் அசையும் பாகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். மோட்டாரில் மிகச் சில. பிஸ்டன், வால்வு, கியர், புகைக்குழாய் செய்து வாழும் சிறு பட்டறைகள் அம்பத்தூரிலும் கோவையிலும் ஒசூரிலும் ஏராளம். அவர்களின் பயத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்குவது அநீதி. தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்டில் மின்கார் ஆலையைத் திறந்தது. புதிய ஆலைகள் வருவது நல்லது. ஆனால் பழைய பட்டறையில் வேலை இழப்பவருக்கே அங்கு வேலை கிடைக்கும் என்ற உறுதி எதுவும் இல்லை. மூலப்பொருளிலும் சிக்கல் உண்டு. உலகின் பேட்டரி செல்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் சீனாவில் உற்பத்தியாகின்றன. 2025 ஏப்ரலில் அந்நாடு மோட்டாருக்கு வேண்டிய அருமண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது இந்திய வாகன ஆலைகளும் தவித்தன. எண்ணெய்க்கு வளைகுடாவை நம்பியிருந்த நாடு பேட்டரிக்கு வடக்கே கையேந்தினால் அது விடுதலை ஆகாது.

தயக்கத்தை எப்படிக் கரைப்பது என்பதற்கு நார்வே நல்ல பாடம். அங்கும் முதலில் யாரும் வாங்கவில்லை. 1989இல் ஆ-ஹா இசைக்குழுவின் பாடகர் மார்ட்டன் ஹார்கெட்டும் சூழல் போராளி ஃபிரெடெரிக் ஹௌகெயும் ஒரு மின்காரை இறக்குமதி செய்து, சாலைச் சுங்கக் கட்டணம் கட்ட மறுத்துத் திரும்பத் திரும்ப அபராதம் வாங்கினார்கள். 1990இல் இறக்குமதி வரி விலக்கு கிடைத்தது. சாலைச் சுங்கச் சலுகை, 2001இல் விற்பனை வரி விலக்கு, பேருந்துத் தடத்தில் செல்ல அனுமதி என்று அடுத்தடுத்த அரசுகள் முப்பது ஆண்டுகள் ஒரே திசையில் நடந்தன. 2024இல் அங்கு விற்ற புதிய கார்களில் 89 சதவீதம் மின்கார். நார்வே பணக்கார நாடு, மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஜெர்மனியும் பணக்கார நாடுதான். 2023 டிசம்பரில் அது மானியத்தைத் திடீரென நிறுத்தியது. அடுத்த ஆண்டு மின்கார் விற்பனை 27 சதவீதம் சரிந்தது. வாங்குபவர் பார்ப்பது மானியத்தின் அளவை மட்டுமல்ல, அது நாளைக்கும் இருக்குமா என்பதையும்தான்.

இந்தியாவில் இன்று மிக அவசரமாக வேண்டியது கார் மானியம்கூட அல்ல. பழைய அடுக்குமாடிகளில் குடியிருப்பவர், வாடகைக்கு இருப்பவரும் உட்பட, தன் செலவில் சார்ஜ் பாயின்ட் போட்டுக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்க வேண்டும். நெடுஞ்சாலைச் சார்ஜர் பழுதானால் குறித்த நேரத்துக்குள் சரிசெய்யவேண்டிய பொறுப்பை நடத்துபவர்மேல் சுமத்த வேண்டும்.

வாங்க நினைப்பவர் இன்று செய்ய வேண்டிய முடிவு கடினமானதல்ல. சொந்தப் பார்க்கிங்கில் பிளக் போட முடியும், தினமும் 40, 50 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டம் இருக்கிறது, நெடும்பயணம் அரிது என்றால் தாராளமாக மின்கார் வாங்கலாம். தெருவில்தான் கார் நிற்கிறது, மாதம் 400 கி.மீ.கூட ஓடாது என்றால் இருக்கும் பெட்ரோல் காரையே இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவது நல்லது.