மஞ்சளடிக்கும் இட்லிப்பூ

செடி விற்கிறவனிடம் வரும் புகார்களில் இட்லிப்பூவுக்குத்தான் முதலிடம். "அண்ணே, உங்ககிட்ட இருந்தப்ப கரும்பச்சையா இருந்துச்சு. வீட்டுல வெச்சதும் மஞ்சளடிக்குது. உரமெல்லாம் போட்டுட்டுத்தான் இருக்கோம்" என்பார்கள். எங்கே வைத்தீர்கள் என்று கேட்பேன். "காம்பவுண்டுச் சுவரோரமா" என்று பதில் வரும்.

கோளாறே அங்கேதான். நம் பழைய வெட்சிதான் இந்த இட்லிப்பூ. ஆநிரை கவரப் போன சங்ககால மறவர் சூடிய பூ. தென்னிந்தியாவும் இலங்கையும் இதற்குச் சொந்த மண். கேரளத்துச் செம்மண் சரளையில் யாரும் நடாமலே புதராக மண்டும். மண் சற்றே புளிப்பாக, அதாவது அமிலத்தன்மையோடு இருந்தால்தான் இதற்கு ஒத்துவரும். சுவரோர மண்ணிலோ வீடு கட்டியபோது சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்து கிடக்கும். அந்தக் கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் கரையாது; வேரால் உறிஞ்ச முடியாது. போதாக்குறைக்கு, வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும் போர் தண்ணீர் வேறு.

செடியின் நுனியைக் கவனியுங்கள். தளிரிலை வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் அது இரும்புப் பற்றாக்குறை. அடி இலை முதலில் மஞ்சளானால் சங்கதி வேறு. தழைச்சத்து குறைந்திருக்கலாம், பழுத்து உதிரும் கிழட்டு இலையாகவும் இருக்கலாம்.

நுனி வெளிறிய செடிக்கு அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) கைகொடுக்கும். 1 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளிக்க வேண்டும். இரண்டு வாரம் விட்டு இன்னொரு தடவை. டைல்ஸில் பட்டால் துருக்கறை பிடித்துக்கொள்ளும். வீட்டில் பேச்சு வாங்கப்போவது நீங்கள்தான். தெளிப்பதெல்லாம் தற்காலிகம். சுவரைவிட்டு இரண்டடியாவது தள்ளிக் குழியெடுத்து, செம்மண்ணோடு மட்கிய இலையும் தொழுவுரமும் கலந்து நட்டால்தான் செடி தேறும். மழைநீர் கிடைத்தால் பிடித்து ஊற்றுங்கள். யூடியூபில் பார்த்துவிட்டு எல்லாச் செடிக்கும் முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் போடுகிறார்கள். இட்லிப்பூ பக்கம் அவற்றைக் கொண்டுபோகாதீர்கள், இரண்டுமே காரம்.

இலை பச்சையாகிவிட்டது, பூ மட்டும் இல்லை என்றால் வெயிலையும் கத்தரியையும் பாருங்கள். அரைநாள் வெயிலாவது விழ வேண்டும். பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். வேலி ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்று வாராவாரம் நுனியை வெட்டினால் மொட்டெல்லாம் குப்பைக்குத்தான் போகும். பல அலுவலக வளாகங்களில் தோட்டக்காரரைக் கொண்டு காசு கொடுத்து இதைத்தான் செய்கிறார்கள். பூ ஓய்ந்ததும், கொத்துக்குக் கீழே இரண்டு கணு இறக்கி வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பக்கக் கிளைகள் வெடித்து, ஒவ்வொன்றின் நுனியிலும் கொத்து வைக்கும்.

தொட்டியில் வளர்ப்பதானால் சின்ன இலையுள்ள குட்டை ரகம் போதும். எறும்பு ஏறுகிறதா என்று அவ்வப்போது கிளைகளைப் பாருங்கள். ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து இலையின் அடிப்பக்கமும் படும்படி அடியுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கன்று வேண்டுமென்றால் மழைக்காலத் தொடக்கத்தில், ரொம்ப இளசும் முற்றலும் இல்லாத குச்சியாக வெட்டிக்கொடுங்கள். வேர்விட ஒன்றிரண்டு மாதமாகும். நடுவில் பிடுங்கிப் பார்க்க வேண்டாமென்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்.