ஒரு சம்பள ஸ்லிப் அனுப்ப முழு கேலரியையும் ஏன் திறந்து விடணும்?

ஜனவரி பக்கம் வந்தாலே ஹெச்ஆர் கிட்ட இருந்து ஒரு மெயில் வரும்: "இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப் அனுப்புங்க." உடனே நம்மில் பலர் என்ன செய்வோம்? பான் கார்டை ஒரு ஸ்கிரீன்ஷாட், வாடகை ரசீதை ஒரு போட்டோ, அப்புறம் எல்லாத்தையும் வாட்ஸ்அப்பில் நமக்கே அனுப்பி, அங்கிருந்து மெயிலுக்கு. வேலை முடிஞ்சுது. ஆனா அந்தக் காப்பிகள் எல்லாம் போனிலேயே வருஷக்கணக்கா கிடக்கும்.

அதில் நம்ம விவரம் மட்டும் இல்லை. பழைய வரி முறையில் ஹெச்ஆர்ஏ கேட்கிறவங்க, வருஷ வாடகை 1 லட்சத்தைத் தாண்டினா வீட்டு ஓனரோட பான் எண்ணையும் கொடுக்கணும். அவர் நம்பிக் கொடுத்த எண்ணும் நம்ம கேலரியில்தான் இருக்கு.

காப்பி பண்ணா என்ன ஆகும்?

நீங்க காப்பி பண்ற எண் "கிளிப்போர்டு" என்ற பொது இடத்தில் போய் உட்காரும். முன்னாடி எல்லாம் எந்த ஆப்பும் அதைச் சத்தமில்லாம எட்டிப் பார்க்கலாம். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, திரையில் திறந்திருக்கிற ஆப்பும் நீங்க வச்சிருக்கிற கீபோர்டும் மட்டும்தான் படிக்கலாம்னு கட்டுப்பாடு போட்டது. 2021-ல் ஆண்ட்ராய்டு 12, ஒரு ஆப் கிளிப்போர்டைப் படிச்சா சின்னதா ஒரு அறிவிப்பு காட்ட ஆரம்பிச்சது. ஐபோனில் 2022-ல் வந்த ஐஓஎஸ் 16, ஒரு ஆப் தானா பேஸ்ட் பண்ணப் பார்த்தா உங்க கிட்ட அனுமதி கேட்கும். நிலைமை நல்லாவே மாறியிருக்கு. ஆனாலும் காப்பி பண்ணிட்டு அடுத்து நீங்க எந்த ஆப்பைத் திறந்தாலும், ஆண்ட்ராய்டில் அது படிக்கலாம்.

இழுத்து விட்டா என்ன வித்தியாசம்?

இதுக்கு ஒரு நல்ல மாற்று "டிராக் அண்ட் டிராப்". ஃபைலை விரலால் பிடிச்சு, இன்னொரு ஆப்புக்குள்ள கொண்டு போய் விடுறது. ஆண்ட்ராய்டில் 2016-ல் வந்த 7-ம் பதிப்பில் இருந்தே ரெண்டு ஆப்களுக்கு நடுவில் இது உண்டு. ஐபேடில் 2017-ல் வந்தது. ஐபோனில் ஒரு ஆப்பில் இருந்து இன்னொரு ஆப்புக்கு இழுக்கிற வசதி 2021-ல் ஐஓஎஸ் 15-ல் வந்தது.

இதோட பாதுகாப்பு எங்க இருக்குன்னா, நீங்க ஃபைலை இழுத்துட்டுப் போகும்போது வழியில் இருக்கிற ஆப்புக்கு "ஒரு பிடிஎஃப் வருது" என்ற அளவுக்குத்தான் தெரியும். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. விரலை எடுத்து விட்ட பிறகுதான், விட்ட ஆப்புக்கு மட்டும், அந்த ஒரு ஃபைல் போகும். ஆண்ட்ராய்டில் அந்த ஃபைலைப் படிக்கிறதுக்கான அனுமதியும் தற்காலிகமானதுதான். கேலரி முழுசுக்கும் அனுமதி கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கூரியர்காரர் கிட்ட வாசலில் ஒரு கவரைக் கொடுக்கிறதுக்கும், பீரோ சாவியைக் கொடுத்து "நீங்களே எடுத்துக்கோங்க"ன்னு சொல்றதுக்கும் உள்ள வித்தியாசம் இது.

எப்படிச் செய்றது?

ஐபோனில் ஃபைல்ஸ் ஆப்பில் அந்த பிடிஎஃப்பை அழுத்திப் பிடிங்க. அது மேலே எழும்பினதும் லேசா நகர்த்துங்க. விரலை எடுக்காம, இன்னொரு கையால் மெயிலைத் திறந்து, எழுதுற இடத்தில் கொண்டு போய் விடுங்க. ஆண்ட்ராய்டில் ஸ்பிளிட் ஸ்கிரீன் போட்டு, ஃபைல் ஆப்பை ஒரு பக்கமும் மெயிலை மறு பக்கமும் வச்சு இழுங்க. எல்லா ஆப்பும் இதை ஏத்துக்காது. அப்படின்னா "ஷேர்" பட்டனை அழுத்தி அந்த ஒரு ஃபைலை மட்டும் அனுப்புங்க. அதுவும் நல்ல வழிதான்.

ஆனா இதை நம்பியே இருக்காதீங்க

போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஃபைல் வாங்கினவங்க கையில். அவங்க காப்பி எடுத்து வச்சா உங்க போன் எதுவும் செய்ய முடியாது. விரல் தவறி வேற சாட்டில் விழுந்தாலும் அதே கதைதான். அதனால அனுப்புறதுக்கு முன்னாடியே குறைச்சுக் கொடுங்க. ஆதார் கேட்டா, முதல் 8 இலக்கம் மறைச்ச "மாஸ்க்டு ஆதார்" போதுமான்னு கேளுங்க. யுஐடிஏஐ தளத்திலேயே டவுன்லோடு பண்ணலாம்.

லோன் ஆப் விஷயத்தில் இன்னும் கவனம் வேணும். டிஜிட்டல் கடன் ஆப்கள் உங்க ஃபைல், மீடியா, கான்டாக்ட் லிஸ்ட், கால் விவரங்களைத் தொடக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிடுச்சு. கேஒய்சிக்காக கேமரா, மைக், லொகேஷன் மாதிரி தேவையானதை உங்க சம்மதத்தோட ஒரு தடவை மட்டும் கேட்கலாம். "முழு கேலரி அனுமதி கொடுத்தாதான் லோன்"னு ஒரு ஆப் சொன்னா, அதை அன்இன்ஸ்டால் பண்ண அந்த ஒரு காரணமே போதும்.

இன்னைக்கே 5 நிமிஷம்

செட்டிங்ஸில் போட்டோ அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்குன்னு பாருங்க. தேவையில்லாததை நிறுத்துங்க. கேலரியில் இருக்கிற பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் ஸ்கிரீன்ஷாட்டுகளை அழிங்க, "சமீபத்தில் நீக்கியவை" பகுதியில் இருந்தும் அழிங்க. பணம் ஏற்கெனவே பறிபோயிருந்தா தாமதிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க. மாசா மாசம் எஸ்ஐபி போடுற ஒழுக்கம் நமக்கு இருக்கு. அந்தப் பணத்துக்கான சாவி எல்லாம் இருக்கிற போனுக்கும் மாசம் 5 நிமிஷம் கொடுக்கலாமே!