ஹைபிரிட் காரின் முன் பிரேக் ஏன் முனகுகிறது?

எங்கள் ஊர்த் தெருக்களில் ஹைபிரிட் கார்கள் இன்று புதினமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏற்கனவே இருந்த கார்களையே எல்லோரும் ஓட்டினோம். அவற்றுக்கும் வயதாகிவிட்டது. பழைய ஹைபிரிட் என்றதும் எல்லோரும் பற்றரியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். முன் சில்லுகளின் பிரேக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எனக்கு அதுதான் ஆர்வமூட்டும் பகுதியாகத் தெரிகிறது.

ஓடும் காரிடம் இயக்கசக்தி இருக்கிறது. 1200 கிலோகிராம் கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடினால் அது ஏறக்குறைய 1,67,000 யூல். அரை லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது தாராளமாகப் போதும். சாதாரண காரில் பிரேக்கை மிதித்ததும் கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன், இரண்டு பேட்களைச் சுழலும் டிஸ்க்கின் இரு பக்கமும் அழுத்துகிறது. சக்தி முழுவதும் உராய்வால் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஹைபிரிட் காரில் மோட்டர் மின்பிறப்பாக்கியாக மாறி, அச்சக்தியின் ஒரு பங்கைப் பற்றரிக்கு அனுப்புகிறது. மெதுவாக மிதிக்கும்போது பேட்களுக்கு வேலை மிகக் குறைவு. சடுதியாக மிதிக்கும்போதும் கார் நிற்கப்போகும் கடைசி நேரத்திலும்தான் அவை முழுமையாக இறங்குகின்றன.

இதனால் பேட்கள் நீண்ட காலம் தேயாமல் இருக்கின்றன. ஆனால் தேயாத பேட்டை யாரும் கழற்றிப் பார்ப்பதுமில்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

நாம் வாழும் இடத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள் தோழியரே. காத்தான்குடிக்குக் கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டு பக்கமும் உப்புக் காற்று. நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை மாரி மழை, வீதியில் வெள்ளம். டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. அடிக்கடி உரசப்பட்டால் துரு தானாகவே துடைபட்டுவிடும். ஹைபிரிட்டில் அந்த உரசல் குறைவு என்பதால் துரு தங்கிவிடுகிறது.

சத்தங்கள் எல்லாம் ஒன்றல்ல. மழை இரவுக்குப் பின் காலையில் முதல் சில மிதிகளில் வரும் 'சரசர' ஓசை டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. சிறிது தூரத்தில் மறைந்துவிடும். காரின் கதவைத் திறந்ததும் சில ஹைபிரிட்களில் கேட்கும் 'ம்ம்' என்ற ஒலி பிரேக் பம்பினுடையது, அதுவும் குறையல்ல. கூரிய 'கீச்' ஒலி பேட் முடியப் போகிறது என்று சொல்லும் உலோக நாக்காக இருக்கலாம். மிதிக்கும்போது 'கரகர' என்று இரும்பு அரைபடும் ஒலி வந்தால் காரை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பிரேக்கைத் தொடாமலே, சில்லுச் சுழலும் தாளத்துடன் உரசல் கேட்டால் பேட் டிஸ்க்கை விடவில்லை, அல்லது டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகட்டில் கல் சிக்கியிருக்கிறது.

எங்கள் வீட்டுக் காரில் கேட்டது இந்தக் கடைசிச் சத்தம். உம்மா படுவான்கரையில் படிப்பிக்கிறார். தினமும் மண்முனைப் பாலத்தைக் கடந்து போய்வருவார். ஒரு லீற்றருக்கு ஓடும் தூரம் குறைந்திருப்பதை முதலில் திரையில் கவனித்தவரும் அவர்தான். வாப்பாவும் நானும் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பாலம் வரை போய், காரை நிறுத்தி, முன் ரிம்களுக்கு அருகே கையைக் கொண்டுபோனோம். தொடவில்லை, சூடான டிஸ்க் தோலைச் சுட்டுவிடும். வலது பக்கம் சாதாரணம். இடது பக்கம் அடுப்பங்கரை அனல். ஹைபிரிட்டில் மெதுவாக ஓடி வந்தபின் முன் டிஸ்க் சூடாக இருக்கக் கூடாது என்பதால் இந்தச் சோதனை இன்னும் தெளிவாகப் பேசுகிறது.

அடுத்த வேலை கராஜ் பாஸினுடையது. பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தினார். இரு சில்லுகளையும் கையால் சுற்றி ஒப்பிட்டார். இடது சில்லு இறுகியிருந்தது. பிறகு கலிப்பரின் காற்றகற்றும் நட்டைச் சிறிது தளர்த்தினார். அப்போது சில்லு விடுபட்டால் ஒயில் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது. குழாயையோ அதற்கு மேலேயோ சந்தேகிக்க வேண்டும். விடுபடாவிட்டால் பிஸ்டன் அல்லது கலிப்பர் நகரும் ஊசிகள் இறுகியிருக்கின்றன. எங்கள் சில்லு விடுபடவில்லை. கழற்றியபோது பிஸ்டன் எளிதாக உள்ளே போனது. கீழ் ஊசியின் இறப்பர் உறை கிழிந்து, உள்ளே கிறீஸ் காய்ந்து, ஊசி துருவோடு ஒட்டியிருந்தது. ஒரு பேட் கனமாகவும் மற்றது மெலிந்தும் இருந்தது. டிஸ்க் நன்றாகவே இருந்தது.

ஊசியைச் சுத்தம் செய்து, உறையை மாற்றி, பிரேக்குக்குரிய சிலிக்கன் கிறீஸ் பூசி, இரு பக்கமும் புதிய பேட் போட்டதோடு வேலை முடிந்தது. சாதாரண கிறீஸ் இறப்பரை ஊதச் செய்துவிடும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: கதவைத் திறந்தாலே சில ஹைபிரிட்களில் பம்ப் இயங்கிப் பிஸ்டனைத் தள்ளும், விரல் நசுங்கலாம். பிரேக்கைத் தொடுமுன் அந்தக் காருக்குரிய முறைப்படி அதை நிறுத்திவைக்கத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும்.

சமதரையான எங்கள் ஊரில் இறுகிய பிரேக் பெற்றோலை மட்டும் தின்னும் என்று நினைக்கலாம். கண்டிக்குப் போய் மகியங்கனை வழியாகத் திரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு வளைவில் நீண்ட நேரம் இறங்கும்போது பற்றரி நிறைந்துவிட்டால் மோட்டரால் மேலும் சக்தியைச் சேமிக்க முடியாது. அப்போது சுமை உராய்வுப் பிரேக்குக்கு வருகிறது. ஏற்கனவே சூடாகியிருக்கும் பேட்டின் பிடி தளரலாம். ஈரத்தை உறிஞ்சிய பழைய பிரேக் ஒயில் கொதித்தால் மிதி தரை வரை இறங்கிவிடும். காரில் இருப்பவர்களின் உயிர் ஓட்டுபவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஆகவே சேர்விஸுக்குக் கொடுக்கும்போது "பேட் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஊசிகள் நகருகின்றனவா? இரண்டு பேட்டும் சமமாகத் தேய்ந்திருக்கின்றனவா?" என்று கேளுங்கள். வெள்ளத்தைக் கடந்தபின் மெதுவாக ஓடி, பிரேக்கைச் சில தடவை இலேசாக மிதித்து உலர்த்துங்கள். எந்தப் பக்கம், எப்போது, எப்படிப்பட்ட சத்தம் என்று மூன்றையும் குறித்துக்கொண்டு போனால், "எல்லாவற்றையும் மாற்றுங்கள்" என்று சொல்ல வேண்டிய தேவை பாஸுக்கும் இல்லை, பணத்தைக் கொட்ட வேண்டிய தேவை நமக்கும் இல்லை.