வயிற்றைக் கிழிக்காமல் குடல் ஆபரேஷன்!

பெருங்குடலின் உட்சுவரில் சிலருக்குக் காளான் போல் சதை முளைக்கும். பெரும்பாலும் வலி இராது. மலத்தில் ரத்தம் கண்டாலும், "மூலம்தானே!" என்று இருந்துவிடுகிறார்கள். அந்தச் சதைகளில் சில, பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறிவிடும்.

முன்பெல்லாம் அதை எடுக்க வயிற்றைக் கிழித்தார்கள். 1969-ல் நியூயார்க் பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹிரோமி ஷின்யா ஒரு யுக்தி செய்தார். இவர் ஜப்பானில் பிறந்தவர். ஆசனவாய் வழியாக வளையும் குழாயைச் செலுத்தினார். அதனுள் ஒரு கம்பிச் சுருக்கு! சதையின் காம்பில் மாட்டி, இறுக்கி, மின்சாரம் பாய்ச்சினார். சதை அறுந்தது. ரத்தக்குழாயும் பொசுங்கி அடைபட்டது.

காம்பில்லாமல் அப்பிக் கிடக்கும் பெரிய சதையை என்ன செய்வது? குடற்சுவர் மெல்லியது, ஓட்டை விழுந்தால் ஆபத்து. ஆகவே சதைக்கு அடியில் ஊசியால் உப்புநீர் ஏற்றுகிறார்கள். கொப்புளம் போல் எழும்பியதும் துண்டு துண்டாக அறுக்கிறார்கள்.

துண்டுகள் சோதனைக்குப் போகும். புற்று ஆழமாக ஊன்றியிருந்தால்தான் வயிற்று ஆபரேஷன்.