ஒரு பையை எத்தனை முறை சுமக்க வேண்டும்?

தேக்கா ஈரச்சந்தையில் கீரையும் முருங்கைக்காயும் வாங்கினால், கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார். பைக்குக் காசு கேட்பதில்லை. பெரிய பேரங்காடியில் அரிசியும் பாலும் வாங்கினால், பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு கொடுக்க வேண்டும். பள்ளியில் நடக்கும் சுற்றுப்புற நிகழ்ச்சிக்குப் போனால், புத்தம் புதிய துணிப்பை ஒன்று இலவசமாகவே கிடைக்கக்கூடும்.

இந்த மூன்றில் பூமிக்கு நல்லது எது? துணிப்பைதான் என்று பலரும் உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால், அறிவியல் பதில் சொல்வதற்கு முன்பு இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. அந்தப் பையை எத்தனை முறை பயன்படுத்துவீர்கள்? தூக்கியெறிந்த பிறகு அது எங்கே போகும்?

வயல் முதல் சாம்பல் வரை

மூலப்பொருளை எடுப்பது, தயாரிப்பது, ஏற்றி வருவது, பயன்படுத்துவது, கடைசியில் அழிப்பது என ஒரு பொருளின் ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்படும் பாதிப்பைக் கணக்கிடும் முறைக்கு ‘வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு’ என்று பெயர். பருத்திப் பைக்கு நிலம், தண்ணீர், உரம், நூற்பாலை, நெசவு எல்லாம் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சில கிராம் பாலிஎத்திலீன் போதும்.

இங்கிலாந்து அரசாங்கத்தின் சுற்றுப்புற அமைப்பு 2011ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை எண்ணிக்கையில் காட்டியது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். அந்த பிளாஸ்டிக் பைகள் அனைத்தும் குப்பை கட்டவும் பயன்பட்டால், 131 என்பது 327 ஆகிவிடும்.

இந்த இரண்டாவது எண்ணை நாம் கவனிக்க வேண்டும். பேரங்காடிப் பையில் குப்பையைக் கட்டிக் குழாயில் போடுவது வீவக வீடுகள் பலவற்றில் நெடுநாள் பழக்கம்.

சிங்கப்பூரின் கணக்கு

மறுபயனீடு செய்யப்படாத, எரிக்கக்கூடிய குப்பை இங்கு எரியாலைகளுக்குப் போகிறது. எரித்ததும் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகிறது. சாம்பல், 1999ல் செயல்படத் தொடங்கிய செமாக்காவ் நிரப்புநிலத்துக்குக் கடல்வழி கொண்டுசெல்லப்படுகிறது. நாட்டில் உள்ள ஒரே நிரப்புநிலம் அதுதான். இப்போதைய போக்கில் அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது.

இந்தச் சூழலை வைத்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் பலவகைப் பைகளை ஒப்பிட்டனர். 50 முறை பயன்படுத்தப்படும் தடித்த பிளாஸ்டிக் பைதான் புவி வெப்பத்துக்கு மிகக் குறைவாகக் காரணமாகிறது. ஒருமுறை பயன்படுத்தும் காகிதப் பையின் பாதிப்பு அதைப்போல் 80 மடங்குக்கும் அதிகம். 50 முறை பயன்படுத்திய பருத்திப் பைக்கும், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்கும்கூட அது 10 மடங்கைத் தாண்டியது. தடித்த பிளாஸ்டிக் பையை 4 முறை பயன்படுத்தினாலே, ஒரு மெல்லிய பையின் பாதிப்பு ஈடாகிவிடும்.

தேசிய சுற்றுப்புற வாரியமும் இத்தகைய மதிப்பீடு ஒன்றை மேற்கொண்டது. பிளாஸ்டிக்கை விட்டு வேறு பொருளாலான, ஒருமுறை பயன்படுத்தும் பைகளுக்கு மாறுவது சுற்றுப்புறத்துக்கு நல்லது என்று சொல்லிவிட முடியாது என 2018ல் அரசாங்கம் தெளிவுபடுத்தியது. பிளாஸ்டிக்கோ காகிதமோ, அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதுதான் பிரச்சினை என்பதே அதன் நிலைப்பாடு. பேரங்காடிகளிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 820 மில்லியன் பிளாஸ்டிக் பைகள் எடுத்துச் செல்லப்படுவதாகச் சிங்கப்பூர் சுற்றுப்புற மன்றம் அதே ஆண்டில் மதிப்பிட்டிருந்தது.

இந்தப் பின்னணியில் 2023 ஜூலை 3ஆம் தேதி பைக் கட்டணம் நடப்புக்கு வந்தது. அது பிளாஸ்டிக் பைக்கு மட்டுமன்று. பேரங்காடி தரும் ஒருமுறைப் பை எந்தப் பொருளால் ஆனாலும் பொருந்தும். ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளியைத் தாண்டும் பேரங்காடி நிறுவனங்கள் அதை வசூலிக்க வேண்டும். எத்தனை பைகள் கொடுத்தார்கள், எவ்வளவு வசூலானது, அந்தப் பணம் எதற்குப் பயன்பட்டது என்பதையும் அவை வெளியிட வேண்டும்.

குப்பை கட்டப் பை வேண்டும் என்பதால் தடை வரவில்லை. தேவைக்கு மேல் எடுப்பதைக் குறைக்கக் கட்டணம் வந்தது. எண்களைத் தந்தது அறிவியல். வீட்டுச் சுகாதாரம், குடும்பச் செலவு, சிறு கடைகளின் நிலை ஆகியவற்றை எடைபோட்டு முடிவெடுப்பது கொள்கை வகுப்பவர்களின் வேலை.

மஞ்சப்பைக்கு வேறு கணக்கு

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் அங்கு தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது.

அப்படியானால் இரண்டில் ஒன்று தவறா? இல்லை. இங்கே பெரும்பாலான பைகள் எரியாலைக்குள் போய்விடுகின்றன. அங்கே வீதியில் விழும் பை வாய்க்காலை அடைக்கிறது, மாட்டின் வயிற்றுக்குள் போகிறது, ஆறு வழியாகக் கடலைச் சேர்கிறது. இப்படிச் சிதறும் குப்பையால் வரும் தீங்கை மேலே சொன்ன மதிப்பீடுகள் முழுமையாகப் பிடிப்பதில்லை. பை ஒன்றுதான், அது போய்ச் சேரும் இடம் வேறு.

எண்களை வாசிக்கும்போதும் கவனம் வேண்டும். பருத்திப் பையை 7,100 முறை பயன்படுத்த வேண்டும் என்ற செய்தியைச் சமூக ஊடகங்களில் பார்த்திருப்பீர்கள். டென்மார்க் அரசாங்கம் 2018ல் வெளியிட்ட ஆய்வில் உள்ள எண் அது. ஓசோன் படலப் பாதிப்பு உட்பட எல்லா அளவுகோல்களையும் சேர்த்தால்தான் 7,100 வரும். பருவநிலையை மட்டும் பார்த்தால் அதே ஆய்வு சொல்வது 52 முறை. எதை அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்காமல் ஓர் எண்ணைப் பகிர்வது அறிவியல் ஆகாது.

ஐக்கிய நாடுகளின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 12வது, பொறுப்பான நுகர்வும் உற்பத்தியும். அதை வகுப்பறையில் படிக்கும் நாம், நம் மன்றங்களிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிகழ்ச்சிக்கு 200 பருத்திப் பைகளை அச்சிட்டுக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்து ஆய்வின் 131ஐக் கொண்டு பெருக்கினால், அந்தப் பைகள் எல்லாம் சேர்ந்து 26,200 முறை கடைக்குப் போய்வர வேண்டும். அவை வீட்டு அலமாரியில் மடிந்து கிடந்தால், அந்த நிகழ்ச்சி மிச்சப்படுத்தியதைவிடச் செலவழித்ததே அதிகம்.

ஆகவே அடுத்த நிகழ்ச்சிக்குத் திட்டமிடும்போது, “எந்த நிறத்தில் பை அடிக்கலாம்?” என்பதற்கு முன்பு, “வீட்டில் ஏற்கெனவே எத்தனை பைகள் இருக்கின்றன?” என்று கேளுங்கள். அவற்றில் ஒன்றைத் தேக்காவுக்கும் எடுத்துச் செல்லுங்கள். கட்டணம் இல்லாத இடத்திலும் கணக்கு மாறுவதில்லை.