அன்னையும் மகளும் அருகமர்ந்து காண...

குடும்பப் பத்திரிகையில் திரைப்படம் பற்றிய கட்டுரையா எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் படங்கள் நம் இல்லங்களுக்குள் அழையாமலேயே நுழைந்துவிட்டன. தாய் ஒரு கைப்பேசியிலும் மகள் மற்றொன்றிலுமாகத் தனித்தனியே மூழ்கிக் கிடப்பதைக் காட்டிலும், தேர்ந்தெடுத்த ஒன்றை இருவரும் அருகமர்ந்து காண்பது மேலன்றோ?

திரையுலகிற்கும் நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கும் உள்ள உறவு நாடறிந்தது. பண்ணைப்புரம் இளையராஜாவைத் தந்தது. தேனி அல்லிநகரம் பாரதிராஜாவைத் தந்தது. எனினும் தாய்ப்பாசம் என்றாலே மகனுக்காக உருகும் அன்னையைத்தான் நம் படங்கள் பெரிதும் காட்டின. மகள் அங்கே பெரும்பாலும் கட்டிக்கொடுக்க வேண்டிய சுமையாகவே வந்து போவாள். பாரதிராஜாவின் 'கருத்தம்மா' (1994) அச்சுமை எண்ணம் சிசுக்கொலை வரை செல்வதைத் துணிந்து காட்டித் தேசிய விருதும் பெற்றது. வளர்ந்த மகளோடு காணலாம், சிறுமியரோடு வேண்டாம்.

முதலில் காண வேண்டியது 'அம்மா கணக்கு' (2016). அஸ்வினி ஐயர் திவாரி தமது இந்திப் படத்தைத் தமிழில் மீண்டும் எடுத்தது. இசை நம் இளையராஜா. வீட்டுவேலை செய்து பிழைக்கும் சாந்திக்கு ஒரே மகள். வேலைக்காரியின் மகள் வேலைக்காரியாகத்தானே ஆவாள், படித்தென்ன பயன் என்கிறாள் அவள். மனம் நொந்த தாய், மகளின் பத்தாம் வகுப்பிலேயே தானும் மாணவியாகச் சேர்கிறாள். மகளுக்கோ அவமானம் தாளவில்லை. கணக்கில் தன்னை முந்திவிட்டால் பள்ளியைவிட்டு விலகுவதாகத் தாய் வாக்களிக்க, அவளை விரட்டுவதற்காகவே மகள் புத்தகத்தைத் திறக்கிறாள்! அமலா பாலின் நடிப்பில் மிகையில்லை. விடியுமுன் ஜீப்பேறிக் கம்பம்மெட்டு வழியே ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் நம் பகுதித் தாய்மார் பலருக்கு இக்கதையில் விளக்கம் தேவைப்படாது.

உத்தமபாளையத்தில் உறவினர் இல்லத்தில் தாயோடும் மகளோடும் அமர்ந்து இதனைப் பார்த்தேன். மகள் பிளஸ் டூ மாணவி. வரன் ஒன்று வந்திருந்த வேளை. படம் முடிந்ததும் தாய் மெல்லச் சொன்னார்: "எனக்கும் கணக்குத்தான் பிடிக்கும். ஒன்பதாவதுல தொண்ணூறு மார்க். அந்த லீவுலதான் நிக்காஹ் பேசிட்டாங்க." மகள் திகைத்துப் போனாள்.

"ஏம்மா, எங்கிட்டச் சொன்னதே இல்ல?"

"நீ எங்கே கேட்டே?"

அதன்பின் அவ்வில்லத்தில் வாரம் ஒரு படம். அடுத்தது மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002). ஒன்பதாம் பிறந்தநாளில் தான் வளர்ப்பு மகள் என்று அறியும் அமுதா, பெற்றவளைத் தேடி இலங்கைக்குச் செல்ல வேண்டுமென அடம்பிடிக்கிறாள். வளர்த்த இந்திராவிடம் அவள் காட்டும் சினம்தான் படத்தின் உயிர். போர்க் காட்சிகளில் சின்னஞ்சிறு பிள்ளைகள் அஞ்சக்கூடும்.

மூன்றாவது, அத்வைத் சந்தனின் இந்திப் படமான 'சீக்ரெட் சூப்பர்ஸ்டார்' (2017). வதோதராவில் வாழும் முஸ்லிம் குடும்பம். தந்தை கைநீட்டுபவர். மகள் இன்ஸியாவுக்குப் பாட ஆசை. தாய் நஜ்மா தம் கழுத்தணியை விற்று அவளுக்கு மடிக்கணினி வாங்குகிறார். புர்கா அணிந்து முகம் மறைத்து அவள் பாடி வெளியிடும் பாடல் ஊரெங்கும் பரவுகிறது. முஸ்லிம் தந்தை என்றால் கொடுமைக்காரர்தானா என்ற வருத்தம் எனக்கும் எழுந்தது. ஆயினும், அடியைத் தாங்குவதைப் பொறுமை என்று தாய் எண்ணுவதும், அதைக் கண்டு மகள் வெகுள்வதும் எந்தச் சமுதாயத்துக்கும் புதிதல்ல. விவாகரத்துக் கேளுங்கள் என மகளே தாயிடம் வாதாடும் காட்சியில் உத்தமபாளையத்து அறை நெடுநேரம் அமைதியாயிருந்தது.

சென்ற மாதம் அவ்வில்லம் சென்றேன். ஊரிலேயே 1956 முதல் இயங்கும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் கணிதம் சேர மகள் விரும்புகிறாளாம். வரன் வீட்டாருக்கு இன்னும் விடை கூறவில்லை. அத்தாவிடம் பேசும் பொறுப்பைத் தாய் ஏற்றிருக்கிறார்.