உப்பளத்து பிள்ளைகள் தட்டில் எந்த உப்பு? தாய்மார்கள் கவனத்துக்கு!

மரக்காணம்,

கிழக்கு கடற்கரை சாலையில் மரக்காணத்தை தாண்டும்போது வெள்ளை வெளேர் என்று உப்பு குவியல்கள் கண்ணில் படும். அந்த உப்பை அப்படியே அள்ளி வந்து குழம்பில் போட்டால், வீட்டில் இருக்கும் சின்னஞ்சிறுசுகளுக்கு முக்கியமான ஒரு சத்து கிடைக்காமல் போய்விடும். அதுதான் அயோடின்.

பாத்தி உப்பு போதாதா?

'கடல் உப்புதானே, அதில் எல்லா சத்தும் இருக்கும்' என்று நினைப்பது தவறு. பாத்தியில் காய்ந்து விளையும் உப்பில் தங்கும் அயோடின் மிக மிக குறைவு. அதனால்தான் பொட்டாசியம் அயோடேட் என்ற பொருளை தனியாக கலக்கிறார்கள்.

அயோடின் கலக்காத உப்பை சாப்பாட்டுக்கு விற்க 2006-ம் ஆண்டு மே 17-ந் தேதி முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. கடைக்கு வரும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லி கிராம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது சட்டம்.

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு தினமும் 90 மைக்ரோ கிராம் அயோடின் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோ கிராம் வேண்டும். இது குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். படிப்பில் மந்தமாகும். கழுத்தில் கழலை வரலாம்.

பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று போட்டிருக்கிறதா என பார்த்து வாங்க வேண்டும். அடுப்பு பக்கத்தில் திறந்து வைக்காமல், மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். சமையல் முடியும் நேரத்தில் உப்பு போட்டால் அயோடின் அதிகம் வீணாகாது.

அளவு முக்கியம்

அயோடின் உப்பு நல்லது என்பதற்காக அள்ளிப் போடக் கூடாது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்தான் இருக்க வேண்டும். சின்ன பிள்ளைகளுக்கு அதைவிட குறைவு. ஒரு வயது ஆகாத குழந்தையின் சாப்பாட்டில் உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.

கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சிப்ஸ் எல்லாவற்றிலும் உப்பு அதிகம். இதை சின்ன வயதிலேயே பழக்கினால் நாக்கு அதையே கேட்கும். பிற்காலத்தில் ரத்த கொதிப்புக்கு வழி வகுக்கும்.

டீயும் பன்னும் சாப்பாடா?

உப்பள வேலைக்கு விடியும் முன்பே கிளம்பிப் போற வீடுகளில் பிள்ளைக்கு டீயும் பன்னும் கொடுத்து பசியை அடக்குவது சுலபமாக தெரியும். ஆனால் சாப்பாட்டில் உள்ள இரும்பு சத்து உடம்பில் சேரவிடாமல் டீ தடுத்துவிடும். ரத்த சோகை வர இதுவும் ஒரு காரணம்.

மழைக்காலத்தில் உப்பள வேலை நின்று, கையில் காசு குறையும்போது ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பிவிடும். ஆனால் வெறும் சோறு மட்டும் வளரும் பிள்ளைக்கு போதாது. கூடவே ஒரு கைப்பிடி பருப்பு, கொல்லையில் பறித்த முருங்கைக்கீரை, முள் எடுத்த மீன் அல்லது ஒரு முட்டை சேர்ந்தால் அதுவே சரிவிகித சாப்பாடு. கேழ்வரகு கூழில் கால்சியம் தாராளமாக உள்ளது.

அங்கன்வாடியில் 2 வயது முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு மதிய சாப்பாடும் முட்டையும் கிடைக்கிறது. 6 மாதம் முடிந்த குழந்தைகளுக்கு சத்துமாவு தருகிறார்கள். 2022-ம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய முதல்-அமைச்சரின் காலை உணவு திட்டம், 2023-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் அரசு தொடக்க பள்ளிகள் முழுவதும் நடக்கிறது. எனவே 1 முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் காலையில் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. சீக்கிரமே பள்ளிக்கு அனுப்பினால் போதும்.

அடம் பிடித்தால்?

கீரையை முதல் தடவை துப்பிவிட்டால் 'என் பிள்ளைக்கு பிடிக்காது' என்று விட்டுவிடக் கூடாது. அடித்து, மிரட்டி ஊட்டவும் கூடாது. ஒரு புது சாப்பாடு பழக 10 தடவை கூட ஆகலாம். ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று கொடுத்துப் பார்க்க வேண்டும். 'சாப்பிட்டா சாக்லேட்' என்று ஆசை காட்டினால் பிள்ளை சாக்லேட்டைத்தான் தேடும். ராத்திரியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால், அப்பா, அம்மா தட்டைப் பார்த்து குழந்தையும் கை வைக்கும்.

அங்கன்வாடியில் எடை போடும்போது அட்டையை கேட்டு வாங்கி பார்ப்பது நல்லது. தொடர்ந்து 2, 3 மாதம் எடை ஏறாமல் இருந்தால் 'வளர்ந்தா சரியாயிடும்' என்று காத்திருக்காமல், அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.